பி2138 வந்தால் உடனே பெடலை மாற்ற வேண்டுமா? ஆக்ஸிலரேட்டர் பெடல் சென்சார் பழுதைக் கண்டுபிடிக்கும் முறை

கேள்வி இதுதான்: வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே திடீரென்று இழுவை போய்விடுகிறது. பெடலை அடிவரை மிதித்தாலும் வேகம் ஏறுவதில்லை, செக் எஞ்சின் விளக்கு எரிகிறது. ஓரமாக நிறுத்தி, சாவியை அணைத்துப் போட்டால் சரியாகிவிடுகிறது. சில நாள் கழித்து மறுபடியும் அதே கதை. ஸ்கேனரில் பி2138 (P2138) என்ற பழுதுக் கோட். பெடலை மாற்றிவிடலாமா?

மாற்ற வேண்டியும் வரலாம். ஆனால் அந்தக் கோட் பெடல் கெட்டுவிட்டது என்று சொல்லவில்லை. பெடலிலிருந்து வரும் இரண்டு சிக்னல்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை என்று மட்டும்தான் சொல்கிறது. ஒத்துப்போகாததற்குக் காரணம் பெடலுக்குள் இருக்கலாம், கனெக்டர் பின்னில் இருக்கலாம், வயரில் இருக்கலாம், எர்த்தில் இருக்கலாம். புதுப் பெடல் போட்டும் அதே கோட் திரும்பி வருகிற வண்டிகளில் பெரும்பாலும் நடந்திருப்பது, இந்த நான்கையும் பிரித்துப் பார்க்காமல் பாகத்தை வாங்கியதுதான். பிரித்துப் பார்க்க ஒரு ஸ்கேனரும் ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டரும் போதும். வோல்டேஜைக் கோடாக வரைந்து காட்டும் இரண்டு சேனல் ஆசிலோஸ்கோப் இருந்தால் இன்னும் நல்லது.

முதலில் சென்சார் என்ன செய்கிறது என்று பார்த்துவிடலாம். கேபிள் இல்லாத பெடலில் உங்கள் கால் நேராக எதையும் இழுப்பதில்லை. பெடல் எந்த நிலையில் இருக்கிறது என்பதைச் சென்சார் வோல்டேஜாக மாற்றி இசியுவுக்கு (எஞ்சினை நிர்வகிக்கும் கணினி) அனுப்புகிறது, அவ்வளவுதான். பெட்ரோல் வண்டியில் இசியு அதைப் பார்த்து, எஞ்சினுக்குப் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் த்ராட்டில் பாடியின் மோட்டாரைத் திருப்பும்; டீசலில் முதன்மையாக எரிபொருள் அளவைக் கூட்டும். சிக்னல் தவறாகப் போனால் வண்டி தானாகப் பாயும் ஆபத்து இருப்பதால், ஒரே பெடலுக்குள் ஒன்றையொன்று சாராத இரண்டு சென்சார்களை வைக்கிறார்கள். பெரும்பாலான கார்களில் ஆறு வயர்கள்: ஒவ்வொரு சென்சாருக்கும், அதாவது ஒவ்வொரு தடத்துக்கும், ஒரு 5 வோல்ட் ரெஃபரன்ஸ் (இசியு தரும் சப்ளை), ஒரு எர்த், ஒரு சிக்னல்.

இரண்டு தடங்களும் ஒரே வோல்டேஜைத் தருவதில்லை, வேண்டுமென்றேதான் அப்படி. இரண்டும் ஒரே அளவாக இருந்தால், இரண்டு சிக்னல் வயர்களும் ஒன்றோடொன்று ஷார்ட் ஆனாலும் இசியுவுக்குத் தெரியாமல் போய்விடும். அதனால் பல வண்டிகளில் இரண்டாம் தடம் முதல் தடத்தில் சரிபாதி. காலை எடுத்த நிலையில் 0.75 வோல்ட், 0.37 வோல்ட், அடிவரை மிதித்தால் 3.9, 1.95 என்கிற மாதிரி. டொயோட்டா போன்ற சிலவற்றில் பாதிக் கணக்கு கிடையாது. இரண்டும் குறிப்பிட்ட இடைவெளியோடு சேர்ந்து ஏறும். ஓய்வில் முதல் தடம் 0.5 முதல் 1.1 வோல்ட், இரண்டாவது 1.2 முதல் 2.0 வோல்ட் என்ற எல்லைக்குள் இருக்கும். பழைய வண்டிகள் சிலவற்றில் ஒரு தடம் ஏற, இன்னொன்று இறங்கும். ஆகவே உங்கள் வண்டியின் சர்வீஸ் மேனுவலில் உள்ள அளவுதான் கடைசி வார்த்தை. கீழே நான் சொல்லும் எண்கள் பாதிக் கணக்கில் இயங்கும் பெடலுக்கானவை.

ஒரு தடம் மட்டும் போனால் பெரும்பாலான இசியுக்கள் மிச்சமிருக்கும் தடத்தை வைத்துக்கொண்டு, வேகத்தையும் சக்தியையும் குறைத்து வண்டியை நகர விடும். இரண்டும் போனால் ஐடிலோடு (பெடலை மிதிக்காதபோது எஞ்சின் ஓடும் வேகம்) சரி. சில டீசல் வண்டிகளில் ஐடில் 1,200 ஆர்பிஎம் அளவுக்கு உயர்ந்து அங்கேயே நிற்கும். ஊர்ந்தாவது வீடு போய்ச் சேர வேண்டும் என்பதற்காக. சாவியை அணைத்துப் போட்டால் சரியாவது பழுது தீர்ந்ததால் அல்ல. இசியு மறுபடி முதலிலிருந்து சரிபார்க்கிறது, அந்த நேரத்தில் சிக்னல் ஒத்துப்போயிருக்கிறது. முந்திச் செல்லும்போது இழுவை போனால் உயிருக்கே ஆபத்து. கண்டுபிடிக்கும் வரை வேகச் சாலையில் அந்த வண்டியை எடுத்துப் போகாதீர்கள்.

கோட் சொல்வதும் சொல்லாததும்

முதல் தடத்தைக் கோட் அட்டவணைகளில் டி (D) என்றும், இரண்டாவதை இ (E) என்றும் குறிப்பார்கள். பி2122 என்றால் டி சிக்னல் மிகக் குறைவு, பி2123 என்றால் மிக அதிகம். பி2127, பி2128 அதேபோல இ சிக்னலுக்கு. பி2121, பி2126 இரண்டும் வோல்டேஜ் எல்லைக்குள் இருந்தும் நடத்தை சரியில்லை என்பவை. பி2138 இரண்டுக்கும் இடையே பொருத்தமில்லை என்பது. இதோடு பி2135 என்பதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அதுவும் பொருத்தமின்மைதான், ஆனால் த்ராட்டில் பாடியில் உள்ள சென்சார்களுக்கானது. எண் கிட்டத்தட்ட ஒன்றாக இருப்பதால் த்ராட்டில் பாடி பழுதுக்குப் பெடல் வாங்குவதும் உண்டு, பெடல் பழுதுக்கு த்ராட்டில் பாடி வாங்குவதும் உண்டு.

கூட வேறென்ன கோட் இருக்கிறது என்பது முக்கியம். பி0641, பி0642, பி0643 அல்லது பி0651, பி0652, பி0653 இவற்றில் ஏதாவது இருந்தால் பெடலை விட்டுவிட்டு அதைத்தான் முதலில் பிடிக்க வேண்டும். அவை இசியு தரும் 5 வோல்ட் சப்ளையிலேயே கோளாறு என்பவை. சப்ளை சரிந்தால் பெடல் கோட் வருவது அதன் விளைவு மட்டுமே. பி2106, பி2110 போன்றவையும் விளைவுகள்தான்: சக்தியைக் குறைத்துவிட்டேன், ஆர்பிஎம்மைக் கட்டுப்படுத்திவிட்டேன் என்று இசியு சொல்கிறது. காரணம் வேறொரு கோடில் இருக்கும்.

கோடை அழிப்பதற்கு முன் ஃப்ரீஸ் ஃப்ரேமைக் குறித்துக்கொள்ளுங்கள். கோட் விழுந்த அந்த நொடியில் வேகம், ஆர்பிஎம், எஞ்சின் வெப்பநிலை, பெடல் அளவு எல்லாம் அதில் பதிவாகியிருக்கும். வண்டி நின்றுகொண்டிருக்கும்போது, காலை எடுத்த நிலையில் விழுந்ததா, குண்டுகுழியில் 40 கிலோமீட்டர் வேகத்தில் விழுந்ததா என்பது பாதி வேலையை முடித்துத் தரும். அதைப் பார்க்காமல் அழித்துவிட்டால் இருந்த ஒரே சாட்சியையும் கலைத்துவிட்டதாகும்.

கருவியை எடுக்கும் முன்

கால்மிதி விரிப்பு பெடலுக்கு அடியில் மடங்கியிருக்கிறதா பாருங்கள். அப்படி இருந்தால் முழு மிதி கிடைக்காது, அல்லது பெடல் முழுதாகத் திரும்பாது. அடுத்தது, பெடலுக்கும் அதன் கனெக்டருக்கும் நடுவே வெளியிலிருந்து வாங்கி மாட்டிய த்ராட்டில் கன்ட்ரோலர் எதுவும் உண்டா என்று பாருங்கள். வண்டிக்குச் சுறுசுறுப்பு தரும் என்று விற்கப்படும் அந்தப் பெட்டி செய்வது பெடல் சிக்னலை மாற்றி அனுப்புவதுதான். இருந்தால் கழற்றி, மூலக் கனெக்டரை நேராக மாட்டிய பிறகுதான் எந்தச் சோதனைக்கும் அர்த்தம் உண்டு.

மூன்றாவது, பிரேக் சுவிட்ச். பிரேக்கும் ஆக்ஸிலரேட்டரும் ஒன்றாக மிதிபட்டால் பல வண்டிகளில் பிரேக்குக்குத்தான் முன்னுரிமை; இசியு எஞ்சினை ஐடிலுக்கு இறக்கிவிடும். சுவிட்ச் ஒட்டிக்கொண்டு, மிதிக்காத பிரேக்கை மிதித்ததாகச் சொன்னால், பெடல் கெட்டது மாதிரியே இருக்கும். பிரேக் விளக்கு அணையாமல் இருப்பது, க்ரூஸ் கன்ட்ரோல் வேலை செய்யாதது, பி0504 கோட் ஆகியவை இதன் அடையாளங்கள்.

அதன்பின் கனெக்டர். சாவியை அணைத்துவிட்டுக் கழற்றி, டார்ச் அடித்துப் பாருங்கள். பச்சை பூத்திருக்கிறதா, ஈரம் இருக்கிறதா, ஏதாவது ஒரு பின் மற்றவற்றைவிட உள்ளே தள்ளிப் போயிருக்கிறதா. கண்ணுக்குச் சுத்தமாகத் தெரிந்தாலும் பிடிப்பு தளர்ந்திருக்கலாம். அதே அளவுள்ள ஆண் பின் ஒன்றைத் தனியாக எடுத்து ஒவ்வொரு துளையிலும் செருகி இழுத்துப் பாருங்கள். ஐந்தில் இறுக்கம் தெரிந்து ஒன்றில் மட்டும் வழுக்கிக்கொண்டு வந்தால், உங்கள் பழுது அங்கேதான் இருக்க அதிக வாய்ப்பு. முன்பு யாரோ மல்டிமீட்டரின் தடித்த முனையை உள்ளே திணித்து அளந்ததால் இப்படி விரிந்திருக்கும். அதனால்தான் எப்போதும் கனெக்டரின் பின்புறமாக, வயர் நுழையும் பக்கத்திலிருந்து, மெல்லிய ஊசியை விட்டு அளக்க வேண்டும். வயரின் உறையைக் குத்துவதும் கூடாது. குத்திய இடத்தில் ஈரம் இறங்கி சில மாதங்களில் செம்பு அரித்துவிடும். காலடிப் பகுதியில் மஞ்சள் கனெக்டர் இருந்தால் அது ஏர்பேக், தொடவே வேண்டாம்.

ஸ்கேனரில் பார்ப்பது

சாவி ஆன், எஞ்சின் ஆஃப். லைவ் டேட்டாவில் பெடல் டி, பெடல் இ, பிரேக் சுவிட்ச், கட்டளையிடப்பட்ட த்ராட்டில், உண்மையான த்ராட்டில் இந்த ஐந்தை மட்டும் தேர்ந்தெடுங்கள். இருபது அளவுகளை ஒரே நேரத்தில் திறந்தால் ஸ்கேனர் ஒவ்வொன்றையும் மெதுவாகத்தான் புதுப்பிக்கும். சிக்னல் விழுந்து எழுந்தது தெரியவே தெரியாது.

இங்கே பலர் தடுமாறும் ஓர் இடம் உண்டு. பொதுவான ஓபிடி (எல்லா வண்டிகளுக்கும் பொதுவான பழுதறி முறை) அளவுகளில் பெடல் சதவீதம் 5 வோல்ட்டை நூறாக வைத்துக் கணக்கிடப்படுகிறது. 0.75 வோல்ட் என்றால் 15 சதவீதம். ஆகவே காலை எடுத்த நிலையில் டி 15, இ 7.5 என்று காட்டுவதும், அடிவரை மிதித்தால் டி 78-லேயே நின்றுவிடுவதும் சரியான பெடலின் அடையாளம்தான். பூஜ்யம் வரவில்லை, நூறு வரவில்லை என்று பெடலைக் குற்றம் சொல்லாதீர்கள். பூஜ்யத்திலிருந்து நூறு வரை காட்டும் சார்பு அளவு சில வண்டிகளில் தனியாக இருக்கும்.

இப்போது பெடலைப் பத்து நொடி எடுத்துக்கொண்டு, ஒரே சீராக அடிவரை மிதித்து, அதே வேகத்தில் விடுங்கள். ஸ்கேனர் வோல்டேஜாகக் காட்டினால் டியை இரண்டால் வகுத்து இயோடு ஒப்பிடுங்கள். 0.76க்கு 0.38, 1.54க்கு 0.77, 1.90க்கு 0.95 என்று வந்துகொண்டிருக்க வேண்டும். 1.90 வோல்ட் வரும் இடத்தில் இ மட்டும் 0.62க்கு விழுந்து, சற்று மேலே மிதித்ததும் மறுபடி பாதிக்கு வந்து சேர்ந்தால், இ தடத்தில் அந்த இடத்தில் பள்ளம் இருக்கிறது. மறுபடி மிதியுங்கள். அதே அளவில் அதே பள்ளம் திரும்பத் திரும்ப வந்தால் பெடலுக்குள் தேய்மானம் என்று ஏறக்குறைய முடிவு செய்யலாம். இடம் மாறி மாறி வந்தாலோ, பெடலை அசைக்காமல் வைத்திருக்கும்போதே வந்தாலோ, வயரையும் கனெக்டரையும்தான் சந்தேகிக்க வேண்டும்.

கார்பன் தடத்தின் மேல் ஒரு தொடுமுனை உரசி நகரும் பொட்டென்ஷியோமீட்டர் வகைப் பெடலில் தேய்மானம் பெரும்பாலும் பயணத்தின் தொடக்கப் பகுதியில் இருக்கும். சாதாரணமாக ஓட்டும்போது கால் அதிக நேரம் இருப்பது அங்கேதான். லேசாக மிதித்தால் திணறுகிறது, அழுத்தி மிதித்தால் சரியாகப் போகிறது என்று சொன்னால் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

பெடலைப் பக்கவாட்டிலும் லேசாகத் தள்ளிப் பாருங்கள். இரண்டு தடங்களும் தங்கள் விகிதம் மாறாமல் சேர்ந்து ஆடினால், அச்சில் ஏற்பட்ட ஆட்டம். ஒன்று மட்டும் ஆடினால் மின்சாரக் கோளாறு.

டி, இ இரண்டும் வழுவழுப்பாக ஏறி இறங்குகின்றன, ஆனால் ஓடும்போது இழுவை இல்லை என்றால், பழுது பெடலில் இல்லை. எஞ்சின் ஓட, கட்டளையிடப்பட்ட த்ராட்டில் ஏறியும் உண்மையான த்ராட்டில் பின்தங்கினால் த்ராட்டில் பாடியில் கார்பன் படிவு அல்லது மோட்டார் கோளாறு. கட்டளையே ஏறவில்லை என்றால் இசியு தானாகத் தடுக்கிறது: பிரேக் சுவிட்ச், ட்ராக்‌ஷன் கன்ட்ரோல், அல்லது வேறொரு லிம்ப் மோட் (சக்தியைக் குறைத்து ஓட விடும் பாதுகாப்பு நிலை) கோட். டர்போ வண்டியில் இரண்டும் சரியாக இருந்து இழுவை மட்டும் இல்லையென்றால் பூஸ்ட் (டர்போ தரும் காற்றழுத்தம்) பக்கம் போங்கள்.

மல்டிமீட்டர்: மூன்று வயர், மூன்று அளவு

மின் வரைபடம் இல்லாமல் இந்தக் கட்டத்துக்கு வர வேண்டாம். எந்தப் பின் எது என்று நிறத்தை வைத்து ஊகிக்கக் கூடாது. மீட்டர் 10 மெகா ஓம் உள்தடை உள்ள டிஜிட்டல் மீட்டராக இருக்கட்டும். பல்பு வைத்த டெஸ்ட் லேம்ப்பை 5 வோல்ட் சர்க்யூட்டில் வைத்தால் இசியுவுக்குச் சேதம் வரலாம். சாவி நெடுநேரம் ஆனில் இருக்கப் போவதால் பேட்டரி சார்ஜரை மாட்டிவிடுவது நல்லது.

கனெக்டர் மாட்டியபடியே அளங்கள். கழற்றிவிட்டு அளந்தால் சுமை இல்லாததால் அரித்துப்போன வயர்கூட 5 வோல்ட் காட்டிவிடும். ரெஃபரன்ஸ் பின்னில் 4.9 முதல் 5.1 வரை எதிர்பார்க்கலாம். எர்த்துக்கு, மீட்டரின் சிவப்பு முனையைப் பெடலின் எர்த் பின்னிலும் கறுப்பு முனையைப் பேட்டரி நெகட்டிவிலும் வையுங்கள். 50 மில்லிவோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது, 100க்கு மேல் போனால் தேட வேண்டும். இதையே இரண்டு தடங்களுக்கும் தனித்தனியாகச் செய்யுங்கள். ஒன்று சரியாக இருப்பதால் மற்றதும் சரியாக இருக்கும் என்று விட்டுவிடக் கூடாது.

பிறகு சிக்னல். இங்கேதான் எண்கள் பேசும். பிழை எந்தப் பக்கம் பெரிதாகிறது என்று பார்த்தாலே எந்த வயர் என்று சொல்லிவிடலாம். டி தடத்தின் ரெஃபரன்ஸ் வயரில் தடை ஏறி, பெடலுக்கு 5க்குப் பதில் 4.4 வோல்ட் மட்டும் போகிறது என்று வையுங்கள். ஓய்வில் 0.76 இருக்க வேண்டியது 0.67 ஆகும், வித்தியாசம் கண்ணில் படாது. முழு மிதியில் 3.90 இருக்க வேண்டியது 3.43 ஆகிவிடும். மிதிக்க மிதிக்கப் பிழை வளர்கிறது. எர்த்தில் 0.3 வோல்ட் ஏறியிருந்தால் இதற்கு நேர்மாறு: ஓய்வில் 0.76 என்பது 1.01 ஆகும், முழு மிதியில் 3.90 என்பது 3.97 மட்டுமே. காலை எடுத்த நிலையில் பிழை பெரிது, மிதிக்க மிதிக்கச் சிறுக்கும். ஆகவே ஃப்ரீஸ் ஃப்ரேமில் எப்போதும் ஐடிலில் விழும் பி2138 என்றால் எர்த்தை முதலில் பாருங்கள். அழுத்தி மிதிக்கும்போது மட்டும் விழுவதென்றால் ரெஃபரன்ஸை. பொட்டென்ஷியோமீட்டருக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தும். வோல்டேஜ் சப்ளைக்கு ஏற்ப மாறும் ஹால் சென்சாருக்கும் (காந்தப்புலத்தை வைத்து, உரசாமல் நிலையை அறிவது) ஏறக்குறைய இதுவே.

எர்த் கெட்டிருப்பது தெரிந்ததும் பாடியிலிருந்து ஒரு வயரை இழுத்துப் பெடலின் எர்த் பின்னில் கட்டிவிடுகிறவர்கள் உண்டு. செய்யவே கூடாது. அந்த எர்த் இசியுவுக்குள் போய் முடிவது, சிக்னலை அளக்கும் அதே புள்ளிக்கு. பாடியில் கட்டினால் ஹெட்லைட்டும் ஃபேனும் ஓடும்போது வரும் ஏற்ற இறக்கமெல்லாம் பெடல் சிக்னலில் கலந்துவிடும். கெட்ட வயரை அதே தடத்தில், அதே பின்னிலிருந்து பின் வரை சரிசெய்வதுதான் பழுதுபார்ப்பு.

எல்லாப் பெடலும் வோல்டேஜில் பேசுவதில்லை என்பதையும் மனதில் வையுங்கள். சிலவற்றில் ஒரு தடம் துடிப்பு சிக்னலாக வரும், புதிய சிலவற்றில் டிஜிட்டல் தகவலாகவே வரும். மீட்டரில் மிதித்தாலும் நகராத ஒரு வோல்டேஜ் தெரிந்தால், தடம் செத்துவிட்டது என்று தீர்ப்பதற்கு முன் வரைபடத்தைப் பாருங்கள்.

ஓம் அளவு பற்றி ஒரு எச்சரிக்கை. பொட்டென்ஷியோமீட்டர் வகையில் கனெக்டரைக் கழற்றி ரெஃபரன்ஸுக்கும் எர்த்துக்கும் இடையே அளந்தால் ஒன்றிரண்டு கிலோ ஓம் அளவில் நிலையான எண் வரும். ஹால், இண்டக்டிவ் வகைகளுக்குள் மின்னணுச் சில்லு இருப்பதால் ஓம் அளவுக்கு எந்தப் பொருளும் இல்லை. மீட்டர் செலுத்தும் மின்னோட்டம் அதைப் பாதிக்கவும் கூடும். எந்த வகை என்று தெரியாவிட்டால் ஓம் பக்கமே போக வேண்டாம்.

வந்து வந்து போகும் பழுது

இதுதான் கடினமானது. வண்டி வாசலில் நிற்கும்போது எல்லா அளவும் சரியாக இருக்கும். மல்டிமீட்டரின் திரை நொடிக்கு இரண்டு மூன்று தடவைதான் மாறும், ஆனால் சில மில்லி நொடி விழுந்தாலே இசியு அதைப் பார்த்துவிடும். மீட்டரில் அதிகபட்சம்–குறைந்தபட்சம் பதியும் வசதி இருந்தால் அதை ஆன் செய்து மெதுவாக மிதியுங்கள். ஓய்வு வோல்டேஜுக்குக் கீழே ஓர் எண் பதிவானால் எங்கோ சிக்னல் அறுந்து சேர்ந்திருக்கிறது. ஆசிலோஸ்கோப் இருந்தால் சந்தேகத்துக்கே இடமில்லை: இரண்டு சேனல், 0 முதல் 5 வோல்ட், ஒரு கட்டத்துக்கு ஒரு நொடி. இரண்டு கோடுகளும் மலைச்சரிவு மாதிரி வழுவழுப்பாக ஏறி இறங்க வேண்டும். செங்குத்தாகக் கீழே இறங்கும் ஒரு முள் தெரிந்தால் எந்தச் சேனல், எந்த உயரம் என்று பாருங்கள்.

அடுத்து வயரை அசைக்கும் சோதனை. பெடலைக் கால்வாசி மிதித்த நிலையில், சீட்டுக்கும் பெடலுக்கும் நடுவே ஒரு மரத்துண்டை அணைகொடுத்து நிறுத்துங்கள். காலால் பிடித்தால் கால் ஆடுவதும் வயர் ஆடுவதும் கலந்துவிடும். எஞ்சின் ஆஃபில்தான் இதைச் செய்ய வேண்டும். இப்போது கனெக்டரிலிருந்து தொடங்கி, வயர்க்கட்டைக் கையளவு கையளவாக அசைத்துக்கொண்டே போங்கள்: கனெக்டரின் கழுத்து, டேஷ்போர்டுக்கு அடியில் பிராக்கெட்டில் உரசும் இடம், எஞ்சின் அறைக்குள் நுழையும் ரப்பர் வாய், இசியு கனெக்டர். ஒரு தடம் துள்ளினால் அந்த இடத்தை மறுபடி அசைத்து உறுதிசெய்யுங்கள். தண்ணீர் ஒழுகும் வண்டியானால் விண்ட்ஷீல்டு ஓரத் தூணின் அடிப்பகுதியையும் பாருங்கள். அங்கே இறங்கும் நீர் வயர் வழியே நேராகக் கனெக்டருக்கு வந்து சேரும்.

பழுது வெயிலில் நின்ற பிறகு மட்டும் வருகிறது என்றால், தலைமுடி உலர்த்தியால் பெடலின் சென்சார் பகுதியை மிதமாகச் சூடாக்கிவிட்டு ஓய்வு வோல்டேஜைப் பாருங்கள். கொஞ்சம் நகர்வது இயல்பு. இரண்டும் விகிதம் மாறாமல் நகர்ந்தால் விட்டுவிடலாம். ஒன்று மட்டும் விலகிப் போனால் பெடல் குற்றவாளி.

வயர்த் தொடர்ச்சியைப் பீப் சத்தத்தில் மட்டும் நம்ப வேண்டாம். பத்து இழைகளில் ஒன்று மிஞ்சியிருந்தாலும் பீப் அடிக்கும். சென்சார் வயரில் ஓடுவது சில மில்லி ஆம்பியர்தான் என்பதால் அந்த ஒற்றை இழையே வேலையும் செய்துகொண்டிருக்கும், அடுத்த குண்டுகுழி வரும்வரை.

சிக்னலே இல்லாதபோது

பி2122 அல்லது பி2127 நிரந்தரமாக நின்றால் பெடலா, வயரா, இசியுவா என்று பிரிக்க ஓர் எளிய வழி உண்டு. சாவியை அணைத்துப் பெடல் கனெக்டரைக் கழற்றுங்கள். சாவி ஆன், எஞ்சின் கண்டிப்பாக ஆஃப். ஸ்கேனரில் அந்தத் தடம் பூஜ்யம் காட்டும். இப்போது வயர் பக்கக் கனெக்டரில் அதே தடத்தின் ரெஃபரன்ஸையும் சிக்னலையும் 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியாக இணையுங்கள். ஸ்கேனர் 5 வோல்ட்டை ஒட்டி ஏறினால் இரண்டு வயர்களும் இசியுவும் நல்லவை. எர்த்தும் சரியாக இருந்தால் பழுது பெடலிலோ அதன் பின்னிலோதான். ஏறவில்லை என்றால் பெடல் வாங்க வேண்டாம், வயரைத் தேடுங்கள். சில இசியுக்கள் கழற்றிய நிலையில் பூஜ்யத்துக்குப் பதில் 5 வோல்ட் காட்டும். அவற்றில் சிக்னலை எர்த் பின்னோடு அதே ரெசிஸ்டர் வழியாக இணைத்தால் பூஜ்யத்தை ஒட்டி இறங்க வேண்டும். சோதனையில் புதுக் கோட்கள் விழும், முடிந்ததும் அழித்துவிடுங்கள்.

5 வோல்ட் சப்ளையே இல்லை, அல்லது 2, 3 வோல்ட்டில் தொங்குகிறது என்றால், அந்தச் சப்ளையைப் பங்குபோடும் மற்ற சென்சார்களை வரைபடத்தில் பட்டியலிடுங்கள். ஏசி பிரஷர் சென்சார், மேப் சென்சார் (எஞ்சினுக்குப் போகும் காற்றின் அழுத்தத்தை அளப்பது), எரிபொருள் அழுத்த சென்சார் போன்றவை ஒரே சப்ளையில் இருப்பது சாதாரணம். மீட்டரைப் பெடலின் ரெஃபரன்ஸில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். எதைக் கழற்றியதும் 5 வோல்ட் திரும்பி வருகிறதோ அதுதான் உள்ளே ஷார்ட் ஆனது. எல்லாவற்றையும் கழற்றியும் வரவில்லை என்றால் பேட்டரியையும் இசியுவையும் கழற்றிவிட்டு அந்த வயர் பாடியைத் தொடுகிறதா என்று அளக்க வேண்டும். அதுவும் சுத்தமாக இருந்தால் மட்டுமே இசியு மேல் சந்தேகம் வரலாம், அது அரிது.

பெடலுக்குள் நடப்பது தேய்மானம் மட்டுமல்ல. டொயோட்டா வண்டிகள் தானாகப் பாய்வதாக எழுந்த புகார்களை அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகத்துக்காக ஆராய்ந்த நாசா பொறியாளர்கள், 2011 பிப்ரவரியில் வெளியான அறிக்கையில், பொட்டென்ஷியோமீட்டர் வகைப் பெடல் ஒன்றில் வெள்ளீயப் பூச்சிலிருந்து முடியைவிட மெல்லிய இழை வளர்ந்து இரண்டு சிக்னல்களையும் ஷார்ட் செய்திருந்ததைப் பதிவுசெய்தார்கள். பெரிய அளவில் த்ராட்டில் தானாகத் திறக்க மின்னணுக் கோளாறு காரணம் என்பதற்குச் சான்று கிடைக்கவில்லை என்றும் அதே ஆய்வு சொன்னது. இப்படிப்பட்ட பெடலைத் திறந்து பார்த்தாலும் வெறும் கண்ணுக்கு எதுவும் தெரியாது. ஆகவே சென்சார் மூடியைப் பிரித்துத் துடைப்பது, உள்ளே கான்டாக்ட் கிளீனர் அடிப்பது எல்லாம் வீண்வேலை. கார்பன் தடத்தையும் அது கெடுத்துவிடலாம். கிளீனர் கனெக்டருக்கு மட்டும்.

மாற்றுவதென்று முடிவானால்

பெரும்பாலான வண்டிகளில் சென்சார் தனியாகக் கிடைக்காது, பெடலோடு சேர்ந்த முழு யூனிட்தான். இரண்டு மூன்று போல்ட் அல்லது நட், ஒரு கனெக்டர். வேலை அரை மணி நேரம்கூட ஆகாது. பார்வைக்கு ஒரே மாதிரி இருக்கும் பெடல்கள் வெவ்வேறு வோல்டேஜ் கணக்கில் இருக்கும், ஒரே மாடலின் பெட்ரோலுக்கும் டீசலுக்கும் மாறலாம். பழைய பெடலில் அச்சிட்ட பாக எண்ணை எழுத்து விடாமல் ஒப்பிடுங்கள். பழைய சந்தையில் பெடல் வாங்குவதில் எனக்கு உடன்பாடில்லை. அதுவும் அதே அளவு தேய்ந்ததாக இருக்கலாம்.

மாட்டியதும் எஞ்சினை ஸ்டார்ட் செய்யாதீர்கள். காலைப் பெடலில் வைக்காமல் சாவியை ஆன் செய்து, ஓய்வு வோல்டேஜ் இரண்டும் மேனுவல் அளவில் இருக்கிறதா பாருங்கள். சில வண்டிகளுக்கு ஓய்வு நிலையை இசியுவுக்குக் கற்றுக்கொடுக்க வேண்டும். நிசானில் பெடலைத் தொடாமல் சாவி ஆன் 2 நொடி, ஆஃப் 10 நொடி, மறுபடி ஆன் 2 நொடி, ஆஃப் 10 நொடி. இவை குறைந்தபட்ச நேரங்கள். ஆட்டோமேட்டிக் கியர் உள்ள வேறு சில வண்டிகளில் கிக்டவுன் புள்ளியை (அடிவரை மிதித்தால் கியர் இறங்கும் இடம்) ஸ்கேனர் வழியாகப் பதிய வேண்டியிருக்கும். பல வண்டிகளுக்கு எதுவும் தேவையில்லை.

பிறகு பழைய ஃப்ரீஸ் ஃப்ரேமை எடுத்து, அதே வேகம், அதே வெப்பநிலை, அதே பெடல் அளவில் ஓட்டிப் பாருங்கள். பக்கத்தில் ஒருவர் லைவ் டேட்டாவைப் பதிவு செய்யட்டும். கோட் திரும்பினால் பெடலைக் கழற்றாமல் இசியு கனெக்டரில் இரண்டு சிக்னல்களையும் அளந்து, பெடல் பக்கத்து அளவோடு ஒப்பிடுங்கள். இரண்டு முனையிலும் ஒரே வோல்டேஜ் இல்லையென்றால் நடுவே உள்ள வயர்தான் மிச்சம்.